பழைய ராமநாதபுரம் ஜில்லாப் பத்திரம் கையில் இருக்கிறதா? ஊரையும் அலுவலகத்தையும் கண்டுபிடிக்கும் வழி

தொண்டி தொடங்கி மூக்கையூர் வரைக்கும் நம் கடற்கரை ஊர்களில் பல வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பழைய கிரயப் பத்திரமோ பாகப்பிரிவினையோ மடித்துக் கிடக்கும். தாத்தா வாங்கிய புஞ்சை, பாட்டிக்குச் சீராக வந்த பனந்தோப்பு, அண்ணன் தம்பி பிரித்துக்கொண்ட வீட்டடி மனை என்று ஏதாவது ஒன்று. அதைப் பட்டாவாக்கவோ விற்கவோ வாரிசுகளுக்குள் பிரிக்கவோ வேண்டிய நாள் வரும்போதுதான் கடைசிப் பக்கத்துத் தபசிலை, அதாவது சொத்து விவரத்தைப் படிக்கிறோம். அங்கே எழுதியிருக்கும் ஜில்லா இன்று அந்த அளவில் இல்லை, தாலுகா மாறியிருக்கிறது, சர்வே நம்பரைக் கணினியில் போட்டால் யாரோ ஒருவருடைய நிலம் வந்து நிற்கிறது. ஆளுக்கு ஓர் அலுவலகம் சொல்வார்கள், நாமும் அலைவோம்.

அந்த அலைச்சலில் பெரும்பகுதி தேவையே இல்லை. ஜில்லா, தாலுகா பெயர்களைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள். இரண்டே இரண்டு விஷயத்தை முதலில் உறுதி செய்யுங்கள்: எந்த வருடம், எந்த வருவாய்க் கிராமம் (நிலக் கணக்குக்காக அரசாங்கம் வைத்திருக்கும் கிராமப் பிரிவு). கிராமத்துக்கு மேலே உள்ள எல்லாவற்றையும் அரசாங்கம் பிரித்துக்கொண்டும் சேர்த்துக்கொண்டும்தான் இருக்கும், வருவாய்க் கிராமம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வருடம் தெரிந்தால் அந்தக் கிராமம் அன்று எந்த ஜில்லாவில், எந்த தாலுகாவில் இருந்தது என்று தானாக வந்துவிடும், அதற்கப்புறம் எந்த அலுவலகத்து ரெக்கார்டு ரூமில் காகிதம் இருக்கும் என்பதும் வந்துவிடும்.

இது நம் பக்கத்தில் மட்டும் நடக்கும் சங்கதி இல்லை. இங்கிலாந்தில் 1894ஆம் வருடத்துச் சட்டத்தால் ‘ரூரல் டிஸ்ட்ரிக்ட்’ என்று கிராமப்புற மாவட்டங்களை உண்டாக்கினார்கள், நம் ஒன்றியம் போல ஒரு அமைப்பு, பாரிஷ் என்ற ஊர் அளவிலான சிறு பிரிவுகள் பலவற்றைச் சேர்த்து ஒரு கவுன்சில். 1974 ஏப்ரல் 1ஆம் தேதி அத்தனையையும் ஒரே நாளில் கலைத்துவிட்டார்கள். சஃபோக் கவுண்டியில் ஹார்டிஸ்மியர் என்று ஒன்று இருந்தது, அதையும் கிப்பிங், தெட்வாஸ்ட்ரி என்ற இன்னும் இரண்டு கிராமப்புற மாவட்டங்களையும், ஸ்டோமார்க்கெட், ஐ என்ற இரண்டு சிறு நகரங்களையும் சேர்த்து மிட் சஃபோக் என்று புது மாவட்டம் ஆக்கினார்கள். இன்றைக்கு அந்தப் பக்கத்தில் பழைய வீட்டு அனுமதியோ சாலைப் பிரச்சினையோ தேடுகிறவர் ஹார்டிஸ்மியர் அலுவலகத்தைத் தேடிப் போக முடியாது, பாரிஷ் பெயரைப் பிடித்து, அது இப்போது எந்தக் கவுன்சிலில் வருகிறது என்று பார்த்து, பழைய கவுன்சிலின் காகிதங்களுக்குக் கவுண்டி ஆவணக் காப்பகத்துக்குப் போவார். பாரிஷ் இருக்கும் இடத்தில் நமக்கு வருவாய்க் கிராமம், அவ்வளவுதான் வித்தியாசம். வழிமுறை ஒன்றுதான். கீழக்கரையிலிருந்தும் பனைக்குளத்திலிருந்தும் வெளிநாட்டில் போய் இருக்கும் பிள்ளைகள் ஊர்ச் சொத்தை அங்கிருந்தே தேடும்போதும் இதே வரிசையில் போகலாம்.

முதலில் வருடம்

பத்திரத்தின் முதல் வரியில் ஆங்கிலத் தேதி இருந்தால் வேலை முடிந்தது. பழைய காகிதங்களில் பெரும்பாலும் தமிழ் வருடமும், பசலி என்ற வருவாய்க் கணக்கு வருடமும்தான் இருக்கும். தமிழ் வருடத்தை மட்டும் நம்பாதீர்கள், அது 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். விய வருடம் என்று இருந்தால் 1886ஆகவும் இருக்கலாம், 1946ஆகவும் இருக்கலாம், 2006ஆகவும் இருக்கலாம். பசலி அப்படிக் குழப்பாது. பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில வருடம் வரும், தொடங்குவது ஜூலை 1. பசலி 1359 என்றால் 1949 ஜூலையிலிருந்து 1950 ஜூன் வரை. வரி ரசீது, அடங்கல், சிட்டா எல்லாமே இந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும், இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துக் குடும்பக் காகிதங்களில் ஹிஜ்ரி வருடம் இருக்கும், சிலது அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து படித்து எழுதி வைத்துவிடுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பதிவான பத்திரமாக இருந்தால் இன்னும் நல்லது. பின்பக்கத்தில் சார்பதிவாளர் எழுதிய குறிப்பு இருக்கும்: 1 புத்தகம், இத்தனையாவது வால்யூம், இத்தனை முதல் இத்தனை பக்கங்கள், இந்த வருடத்திய இந்த நம்பர். பத்திரத்தில் மிக முக்கியமான வரி இதுதான் என்பேன். உள்ளே இருக்கும் எழுத்து கரையான் அரித்துப்போனாலும், உப்புக்காற்றில் காகிதம் பொடிந்தாலும், இந்த வரி ஒன்று இருந்தால் முழுப் பத்திரத்தின் நகலையும் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து எடுத்துவிடலாம். அலுவலகத்தின் பெயரும் முத்திரையில் இருக்கும். பத்திரத்தின் எல்லாப் பக்கத்தையும், முத்திரை இருக்கும் பின்பக்கங்களையும் சேர்த்து, வெயில் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவிட்டு ஒரிஜினலைத் திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள். எந்த அலுவலகத்துக்கும் எந்தத் தரகருக்கும் ஒரிஜினலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

அந்த வருடத்தில் நம் ஊர் எங்கே இருந்தது

1910க்கு முன்னால் எழுதிய காகிதம் என்றால் அதில் ‘மதுரை ஜில்லா’ என்று இருக்கும். ராமநாதபுரம் அப்போது தனி மாவட்டம் இல்லை, மதுரை ஜில்லாவுக்குள் இருந்த சேதுபதிகளின் ஜமீன். நிலவரியை வசூல் செய்தது ஜமீன்தான், அரசாங்கத்துக்கு அது பேஷ்குஷ் என்ற வருடாந்தரத் தொகையைக் கட்டியது. 1910ல்தான் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பகுதிகளை எடுத்து ராமநாதபுரம் ஜில்லா உண்டானது. அது இன்றைய மாவட்டம் மாதிரி சின்னது இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் சிவகாசியும் ராஜபாளையமும் ஒரு பக்கம், சிவகங்கையும் திருப்பத்தூரும் காரைக்குடியும் இன்னொரு பக்கம், நம் ராமேஸ்வரம் தீவு வரைக்கும் எல்லாம் ஒரே ஜில்லா. அதனால்தான் 1970களில் எழுதிய பத்திரத்தில் ராஜபாளையத்துக்காரரும் ‘ராமநாதபுரம் மாவட்டம்’ என்று எழுதியிருப்பார்.

இதில் நம் ஆட்களே பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அந்தப் பெரிய ஜில்லாவின் தலைமையிடம் மதுரை. கலெக்டர் அலுவலகம் மதுரையில், ஜில்லா கோர்ட்டும் மதுரையில். ‘ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்றம், மதுரை’ என்று தீர்ப்பு நகலில் பார்த்துவிட்டு அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள், அது சரியான விலாசம்தான். தாத்தா காலத்தில் நிலத்துக்கு ஒரு வழக்கு நடந்தது, மதுரைக்கு நடந்து நடந்து ஓய்ந்தார் என்று வீட்டில் சொல்வார்களே, அதற்கு இதுதான் காரணம். அந்த வழக்கின் காகிதம் வேண்டுமென்றால் ராமநாதபுரம் கோர்ட்டில் மட்டும் கேட்டுவிட்டு இல்லை என்று திரும்பி வரக்கூடாது, மதுரையிலும் கேட்க வேண்டும்.

1985 மார்ச் 15 முதல் ஜில்லா மூன்றாகப் பிரிந்தது. சிவகங்கைப் பக்கம் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம், விருதுநகர்ப் பக்கம் காமராஜர் மாவட்டம் என்று ஆயின, 1997ல் தலைவர்கள் பெயர் எல்லாம் எடுக்கப்பட்டபோது சிவகங்கை, விருதுநகர் என்று ஊர்ப் பெயருக்கு வந்தன. நம் மாவட்டம் ராமநாதபுரம், பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி, திருவாடானை என்ற 5 தாலுகாக்களோடு மிஞ்சியது. அந்த 5 இப்போது 9 ஆகிவிட்டது. ராமநாதபுரம் தாலுகாவிலிருந்து ராமேஸ்வரமும் கீழக்கரையும், முதுகுளத்தூரிலிருந்து கடலாடியும், திருவாடானையிலிருந்து ராஜசிங்கமங்கலமும் பிரிந்து வந்தன. ஆகவே உங்கள் பத்திரத்தில் ‘முதுகுளத்தூர் தாலுகா, சாயல்குடி’ என்று இருந்தால் தவறில்லை, இன்று கடலாடி தாலுகா அலுவலகத்துக்குப் போக வேண்டும். மேல்முறையீடு, திருத்தம் என்று கோட்டாட்சியரிடம் போகிற நிலை வந்தால் கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கத்தவர்களுக்குப் பரமக்குடி; தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கத்தவர்களுக்கு ராமநாதபுரம்.

இன்னும் ஒன்று, 1969 ஜனவரிக்கு முன்னால் மாநிலத்தின் பெயர் சென்னை மாகாணம் அல்லது சென்னை ராஜ்யம் என்று இருக்கும். அதனால் எந்தச் சிக்கலும் வராது.

ஒரே ஊருக்கு மூன்று வரைபடம்

சரி, வருடமும் ஜில்லாவும் தெரிந்தது. இப்போதுதான் பலரும் வழி தவறும் இடம் வருகிறது. நம் ஊரை அரசாங்கம் ஒரு வரைபடத்தில் வைத்திருக்கவில்லை, மூன்று வரைபடத்தில் வைத்திருக்கிறது, மூன்றும் ஒன்றோடு ஒன்று பொருந்தாது.

வருவாய்த் துறைக்கு மாவட்டம், கோட்டம், தாலுகா, பிர்க்கா (சில வருவாய்க் கிராமங்களின் தொகுதி), வருவாய்க் கிராமம். பட்டா, சிட்டா, அடங்கல், நில அளவை எல்லாம் இந்த வரிசையில். உள்ளாட்சிக்கு ஒன்றியம், ஊராட்சி, அல்லது பேரூராட்சி, நகராட்சி. வீட்டு வரி, குடிநீர், தெருவிளக்கு, வீடு கட்ட அனுமதி இதில். பதிவுத் துறைக்குப் பதிவு மாவட்டம், சார்பதிவகம். பத்திரமும் வில்லங்கமும் இங்கே. பாம்பனையும் தங்கச்சிமடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், வருவாய்க்கு ராமேஸ்வரம் தாலுகா, உள்ளாட்சிக்கு மண்டபம் ஒன்றியம். பெரியபட்டினத்துக்குத் திருப்புல்லாணி ஒன்றியம், ஆனால் திருப்புல்லாணி என்று ஒரு தாலுகாவே கிடையாது. மண்டபம், திருப்புல்லாணி, போகலூர், நயினார்கோவில் இவையெல்லாம் ஒன்றியங்கள் மட்டும்தான். மறுபக்கம் ராமேஸ்வரமும் கீழக்கரையும் தாலுகா, அந்தப் பெயரில் ஒன்றியம் இல்லை. பட்டாவுக்கான மனுவில் ‘திருப்புல்லாணி தாலுகா’ என்று எழுதிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம், அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.

பழைய பத்திரங்களிலும் இதே கலப்பு இருக்கிறது. ‘ரிஜிஸ்ட்ரேஷன் டிஸ்ட்ரிக்ட்’, ‘சப் டிஸ்ட்ரிக்ட்’ என்று முதலில் வருவது பதிவுத் துறை வரைபடம். அதற்கப்புறம் தாலுகா, பிர்க்கா என்று வருவது வருவாய் வரைபடம். இரண்டையும் ஒரே வரியில் எழுதியிருப்பார் பத்திர எழுத்தர், நாம்தான் பிரித்துப் படிக்க வேண்டும். ஒரு காகிதத்தில் இந்த மூன்று வரிசையையும் தனித்தனியாக எழுதி, உங்கள் ஊருக்கு அன்றைய பெயர் ஒரு பக்கம், இன்றைய பெயர் ஒரு பக்கம் என்று நிரப்பிவிடுங்கள். அந்தக் காகிதம்தான் இனி எல்லா அலுவலகத்துக்கும் உங்கள் வழிகாட்டி.

கடற்கரைக்காரர்களுக்கு இங்கே ஒரு தனிக் கவனம் தேவை. நாம் ஊர் என்று சொல்வது பல சமயம் வருவாய்க் கிராமம் இல்லை. மீனவக் குடியிருப்புகள், தோப்பு ஊர்கள், வலசைகள் எல்லாம் வேறு ஒரு வருவாய்க் கிராமத்தின் உட்கடையாக, அதற்குள் அடங்கிய சிற்றூராக இருக்கும். பத்திரத்தில் ‘இன்ன கிராமம் உட்கடை இன்ன ஊர்’ என்று இருந்தால் தேட வேண்டியது முதல் பெயரை, நம் வாயில் வரும் இரண்டாவது பெயரை இல்லை. ‘குரூப்’ என்று எழுதியிருந்தால் அது ஒரே விஏஓவின் (கிராம நிர்வாக அலுவலரின்) பொறுப்பில் இருக்கும் கிராமங்களின் கூட்டம். ஊர்ப் பெயரைப் போட்டால் கணினியில் வரவில்லை என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் உட்கடைப் பெயரைப் போட்டவர்கள்தான். வீட்டு வரி ரசீதோடு போய் விஏஓவிடம் கேட்டாலோ, பக்கத்து நிலத்துக்காரரின் பட்டாவைப் பார்த்தாலோ வருவாய்க் கிராமத்தின் பெயர் அதன் எண்ணோடு கிடைத்துவிடும். பட்டா வைத்திருக்கும் பக்கத்து நிலத்துக்காரரை விட நல்ல தகவல் மூலம் வேறு இல்லை, அவரோடு வரப்புச் சண்டை இருந்தாலும் போய்க் கேளுங்கள்.

ஜமீன் காலத்துக் காகிதம் என்றால்

1949க்கு முந்தைய காகிதங்களை வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். அப்போது நிலம் ஜமீனுக்குக் கீழே, குடியானவருக்கு ஜமீன் பட்டா கொடுக்கும், அவர் பதிலுக்கு முச்சிலிக்கா என்ற ஒப்புதல் சீட்டு எழுதிக் கொடுப்பார். அந்தப் பட்டா அரசாங்கப் பட்டா இல்லை. அதில் சர்வே நம்பர் இருக்காது, இருந்தாலும் சர்வேக்கு முந்தைய பழைய அளவையின் பைமாஷ் நம்பராக இருக்கும். நிலத்தின் அளவு ஏக்கரில் இல்லாமல் எத்தனை மரக்கால், எத்தனை கலம் விரையடி என்று இருக்கும், அதாவது அந்த நிலத்தை விதைக்க எவ்வளவு நெல் பிடிக்கும் என்ற கணக்கு. இதை யாராவது இத்தனை சென்ட் என்று ஒரு வாய்ப்பாடு போட்டுச் சொன்னால் நம்ப வேண்டாம், மண்ணுக்கு மண் அது மாறும். இந்தக் காகிதங்களில் உங்களுக்கு உயிர் நான்கெல்லைதான். ‘கிழக்கே கண்மாய்க் கரை, தெற்கே தர்கா பாத்தியமான தோப்பு, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே இன்னாருடைய புஞ்சை’ என்று எழுதியிருப்பதை எடுத்துக்கொண்டு நேரில் போய் நில்லுங்கள், கூடவே ஊரில் வயதான ஒருவரையும் அழைத்துக்கொண்டு. கண்மாய்க் கரையும் வண்டிப்பாதையும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் இருக்கும். அந்த ‘இன்னாருடைய’ வாரிசு யார் என்று ஊரில் சொல்லிவிடுவார்கள்.

1948ஆம் வருடத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ராமநாதபுரம் ஜமீனை 1949ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் நிலத்தை அளந்து, செட்டில்மெண்ட் செய்து, யாருக்குப் பட்டா என்று முடிவு செய்தார்கள். அந்த வேலையில் உண்டான பதிவேடுதான் எஸ்எல்ஆர் என்று எல்லோரும் சொல்லும் செட்டில்மெண்ட் நிலப் பதிவேடு. ஜமீன் காலத்துப் பெயரும் அரசாங்கப் பட்டாவின் பெயரும் முதன்முதலாக ஒரே காகிதத்தில் சந்திப்பது இங்கேதான், எனவே தாத்தாவின் அப்பா பெயர் இதில் இருக்கிறதா என்பதை எப்படியாவது பார்த்துவிட வேண்டும். மனுவில் ‘எஸ்எல்ஆர் நகல்’ என்று பெயர் சொல்லியே கேளுங்கள், ‘பழைய ரெக்கார்டு’ என்று பொதுவாகக் கேட்டால் கையில் கிடைத்ததைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தாலுகா அலுவலகத்தில் முதலில், அங்கே இல்லையென்றால் கலெக்டர் அலுவலக ரெக்கார்டு ரூம், அங்கும் இல்லையென்றால் சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

தர்கா, பள்ளிவாசல், கோயில், சத்திரம் இவற்றுக்குச் சேதுபதிகள் விட்ட நிலங்கள் நம் கடற்கரையில் நிறைய. உங்கள் நிலத்தின் பழைய காகிதத்தில் இனாம், தர்மாசனம், சத்திரம் என்று எந்தச் சொல் வந்தாலும் அதைச் சாதாரணப் பட்டா விவகாரமாக நினைத்து நடக்காதீர்கள். இனாம் ஒழிப்புக்குத் தனிச் சட்டங்கள் 1963ல் வந்தன, நடைமுறையும் தனி. வக்ஃபு வாரியத்திலோ அறநிலையத் துறையிலோ அந்த நிலம் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் செலவழியுங்கள். இதற்கு வக்கீல் வேண்டும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சர்வே நம்பர் மாறிய கதை

1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள், யுடிஆர் என்பது இதுதான். அதில் ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர் வந்தது. ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர், ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். பல கிராமங்களில் சர்வே நம்பர்களும் உட்பிரிவுகளும் மாறின. நீங்கள் 1955 பத்திரத்தின் சர்வே நம்பரை இன்றைக்கு இணையதளத்தில் போட்டால் வேறு ஆள் பெயர் வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் இது. யாரும் அபகரித்துவிட்டார்கள் என்று பதறி ஊரில் சண்டையை ஆரம்பிப்பதற்கு முன்னால் பழைய நம்பர், புது நம்பர் ஒப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். அலுவலகத்தில் அதைக் ‘கரலேஷன்’ என்பார்கள். கிராமத்து நிலங்களின் மூலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டிலும் பழைய சர்வே நம்பருக்கு ஒரு பத்தி இருக்கும், பார்க்கச் சொல்லுங்கள். கூடவே எஃப்எம்பி என்ற புலப்படத்தையும் எடுத்து, பத்திரத்தின் நான்கெல்லையோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். யுடிஆரில் உண்மையிலேயே பெயர் தப்பாக ஏறியிருந்தால் அதற்கென்றே பிழைத் திருத்த மனு இருக்கிறது, மாவட்ட வருவாய் அலுவலர் வரைக்கும் போகும். அப்படி மனுக் கொடுக்கும்போது எஸ்எல்ஆர் நகல் கையில் இருந்தால் உங்கள் பேச்சுக்குக் கனம் கூடும்.

அந்தக் காலத்துக் கிராம அதிகாரிகளான கர்ணமும் (கணக்குப்பிள்ளை) முன்சீப்பும் வைத்திருந்த கணக்கு எங்கே போனது என்று சிலர் கேட்பார்கள். அந்தப் பதவிகளை 1980 நவம்பரில் எடுத்துவிட்டு விஏஓக்களைப் போட்டார்கள். கணக்குகள் தாலுகா அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும், ஆனால் சில ஊர்களில் கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் இன்னும் நோட்டுகள் இருக்கின்றன. சட்டப்படி அவற்றுக்குப் பெரிய மதிப்பு இல்லாவிட்டாலும் எந்த நம்பரைத் தேட வேண்டும் என்று வழிகாட்டும். மரியாதையாகப் போய்க் கேட்டால் காட்டுவார்கள்.

வில்லங்கம் எடுப்பது

வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், பொதுவாக 1975 முதல் இணையத்தில் கிடைக்கிறது. முதலில் அதை எடுங்கள். பதிவுத் துறையின் இணையதளத்திலேயே கிராமப் பெயரைக் கொடுத்தால் எந்தச் சார்பதிவகத்தில் வருகிறது என்று காட்டும். இணையத்தில் இல்லாத பழைய வருடங்களுக்கு நேரில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும், எத்தனை வருடம் தேட வேண்டுமோ அத்தனைக்கும் கட்டணம் ஏறும், அதனால்தான் முதலிலேயே வருடத்தைச் சரியாகப் பிடியுங்கள் என்றேன். அங்கே தேடல் இரண்டு அட்டவணையில் நடக்கும், ஒன்று ஆள் பெயரில், இன்னொன்று சொத்தின் பெயரில். சர்வே நம்பர் இல்லாத பழைய பத்திரங்களுக்கு ஆள் பெயர் அட்டவணைதான் உதவும். தாத்தாவின் பெயரை அன்று எப்படி எழுதினார்களோ அப்படிக் கொடுங்கள், அவருடைய தகப்பனார் பெயரோடும், மரைக்காயர், சேர்வை, தேவர், பரதர், கடையர் என்று பெயருக்குப் பின்னால் எழுதுவது இருந்தால் அதோடும்.

இன்னொரு முக்கியமான விஷயம். புதிதாக ஒரு சார்பதிவகம் தொடங்கும்போது பழைய புத்தகங்கள் பெரும்பாலும் தாய் அலுவலகத்திலேயே தங்கிவிடும். இன்று உங்கள் கிராமம் எந்தப் பதிவகத்தில் வருகிறதோ அங்கே 1950 புத்தகம் இல்லை என்று சொன்னால், ‘அப்போது இந்தக் கிராமம் எந்த ஆபீஸில் இருந்தது’ என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். கிரயம், அடமானம் போன்ற சொத்துப் பத்திரங்கள் இருக்கும் 1ஆம் எண் புத்தகத்தின் நகலை யாரும் கேட்டு வாங்கலாம். உயில்கள் 3ஆம் எண் புத்தகத்தில் இருக்கும், அதற்கு உரிமை உள்ளவர்கள்தான் கேட்க முடியும்.

பள்ளிக்கூடம், பிறப்பு, இறப்பு

வாரிசை நிரூபிக்க நிலக் காகிதம் மட்டும் போதாது. பழைய படிப்புச் சான்றில் ‘ஜில்லா போர்டு ஹைஸ்கூல்’ என்று இருந்தால் அந்தப் போர்டைத் தேடாதீர்கள். தாலுகா போர்டுகள் 1934லேயே போய்விட்டன, ஜில்லா போர்டுகள் 1958ஆம் வருடத்துப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு போய்விட்டன, அதற்கப்புறம் வந்தவைதான் ஊராட்சி ஒன்றியங்கள். உயர்நிலைப் பள்ளிகள் அரசுப் பள்ளிகளாயின, தொடக்கப் பள்ளிகள் ஒன்றியத்துக்குப் போயின. சேர்க்கைப் பதிவேடு அந்தந்தப் பள்ளிக்கூடத்திலேயே இருக்கும், தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டும்.

கிராமத்துப் பழைய பிறப்பு, இறப்புகளை எழுதியவர் கிராம முன்சீப். அந்தப் பதிவேடுகளைத் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால் வாய்மொழியாகச் சொல்வதோடு விடாமல் இல்லை என்று எழுத்தில் சான்று வாங்குங்கள், கோட்டாட்சியர் உத்தரவோடு தாமதப் பதிவு செய்ய அந்தச் சான்றுதான் முதல் படி. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து ஓடிவந்த குடும்பங்களுக்குக் கையில் எந்தக் காகிதமும் இருக்காது, அவர்கள் ராமேஸ்வரத்தோடு நிறுத்தாமல், தீவு அப்போது ராமநாதபுரம் தாலுகாவில்தான் இருந்தது என்பதால், ராமநாதபுரம் தாலுகா அலுவலகத்திலும் கேட்க வேண்டும்.

மனு எழுதும் விதம்

பழைய பெயர், இன்றைய பெயர் இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள். இப்படி: ‘1952ஆம் வருடத்தில் ராமநாதபுரம் ஜில்லா திருவாடானை தாலுகாவிலும், தற்போது ராமநாதபுரம் மாவட்டம் ராஜசிங்கமங்கலம் வட்டத்திலும் உள்ள இன்ன வருவாய்க் கிராமம், பழைய சர்வே எண் இன்னது, புதிய சர்வே எண் இன்னது.’ இப்படி எழுதிய மனுவை ‘இது எங்கள் தாலுகா இல்லை’ என்று திருப்பித் தள்ளுவது கடினம். ஒரு மனுவில் ஒரு ஆவணம் மட்டும் கேளுங்கள். நாலு கேட்டால் இருப்பதில் எது எளிதோ அதைக் கொடுத்து மனுவை முடித்துவிடுவார்கள். மனு பெற்றதற்கு ரசீதோ, நகலில் முத்திரையும் தேதியுமோ வாங்காமல் வராதீர்கள். ஒரு மாதம் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அதே ஆவணத்தைக் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். தாலுகாவில் ஜமாபந்தி என்ற வருடாந்தரக் கணக்குத் தணிக்கை நடக்கும் நாட்களில் கிராமக் கணக்குகள் எல்லாம் மேஜைக்கு வரும், வருடத்தில் மற்ற நாட்களை விட அன்று பெரிய அதிகாரி நேரில் உட்கார்ந்திருப்பார், பெயர்த் திருத்தம் போன்ற மனுக்களை அப்போது கொடுப்பது நல்லது.

நகல் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் வால்யூம், பக்கம், நம்பர், வருடம் நான்கையும் உங்கள் போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் வேறு பத்திரத்தின் நகல் வந்திருக்கிறது என்று அர்த்தம், அங்கேயே திருப்பிக் கொடுத்துச் சரியானதைக் கேளுங்கள்.